டாக்டர் அட்மிட் ஆகச் சொல்கிறார். மனநல மருத்துவமனைக்கு யாருக்கும் தெரியாமல் போய்வர முடியுமா?

கேட்டவரும் நீலகிரிதான் போல. பல வாரமாகச் சரியான தூக்கம் இல்லை, டாக்டர் சேரச் சொல்கிறார், வீட்டில் 'போ, ஆனால் வெளியே தெரியக்கூடாது' என்கிறார்கள், அது நடக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடக்கும். நான் அப்படித்தான் போய்வந்தேன். அதனால் என்ன ஆனது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு அப்போது 22 வயது. வீடு கோத்தகிரிப் பக்கம், கொஞ்சம் தேயிலை இருக்கிறது. மனநோய் என்றால் அழுதுகொண்டே கிடப்பது என்று நினைத்திருந்தேன், எனக்கு வந்ததோ நேர்மாறு. ஐந்து நாள் தூங்கவில்லை, அசதியும் இல்லை, மலையில் இருக்கிற சிறு விவசாயிகள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே டீ பிராண்ட் தொடங்கப் போகிறேன் என்று ராத்திரி இரண்டு மணிக்கு ஊரில் ஒருவர் விடாமல் போன் போட்டேன். ஆறாவது நாள் விடிகாலை, செருப்பில்லாமல் பனிக்குள் தோட்டத்தில் நடந்துகொண்டிருந்தேனாம், கொஞ்சம் தள்ளிக் காட்டெருமை நின்றதாம். அண்ணன் சொல்லித்தான் தெரியும். அதற்குள் மந்திரித்துக் கயிறும் கட்டியிருந்தார்கள், அதை விடுங்கள்.

குஞ்சப்பனை மலைப்பாதை வழியாக இறக்கி, கோயம்புத்தூரில் சேர்த்தார்கள். முடிவெடுக்கிற நிலையில் நான் இல்லாததால் அம்மா கையெழுத்துப் போட்டார். 2017 மனநலச் சட்டப்படி அப்படிச் சேர்த்தால் முதலில் 30 நாள் வரைதான் வைத்திருக்கலாம். நீங்கள் தெளிவாக இருக்கிறீர்கள், உங்கள் கையெழுத்திலேயே சேரலாம். கிளம்ப வேண்டும் என்று தோன்றினால் கேட்கலாம், டாக்டருக்குச் சந்தேகம் இருந்தால் பார்த்து முடிவு செய்ய 24 மணி நேரம் நிறுத்திவைக்கலாம், அவ்வளவுதான்.

வார்டு பயங்கரமாக எல்லாம் இல்லை, போரடித்தது. துப்பட்டா, பைஜாமா நாடா, கொலுசு எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மாத்திரை போட்டதும் நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். பக்கத்துக் கட்டில் அக்கா முதல் நாளே "உனக்கு இது எத்தனாவது தடவை?" என்றார், இன்றைக்குக் கொழுந்து எத்தனை கிலோ என்று கேட்கிற மாதிரி. அவருக்கு நாலாவதாம். ஒரு சிஸ்டர் எல்லோர் முன்னாலும் "படிச்ச பொண்ணு இப்படி ஆடலாமா?" என்று கேட்டது மட்டும் இன்னும் உறுத்துகிறது. மூன்றாம் நாள் 14 மணி நேரம் தூங்கினேன். பைபோலார் என்றார்கள், மனம் ஒரேயடியாக ஏறுவதும் இறங்குவதுமான நோய், அதற்கு லித்தியம் என்ற மாத்திரை ஆரம்பித்தார்கள், 19 நாளில் வீடு.

ஊரில் எனக்கு மஞ்சள் காமாலை என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

பொய் நன்றாகவே வேலை செய்தது. ஆளாளுக்குக் கீழாநெல்லி கொண்டுவந்தார்கள். ஈரோட்டிலிருந்து அத்தை வந்திறங்கி, காமாலைக்கு உப்பில்லாப் பத்தியம்தான் என்று அடுப்படியைக் கையில் எடுத்துக்கொண்டார். லித்தியம் சாப்பிடுகிறவர் உப்பைத் திடீரென்று குறைக்கக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நம் சிறுநீரகம் லித்தியத்தையும் உப்பையும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடத்துகிறது. உப்பு குறைந்தால், இருக்கிற உப்பை விடாமல் பிடித்து வைக்கும், கூடவே லித்தியத்தையும். அத்தையைத் தடுக்க வேண்டுமென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும், அம்மா வாயைத் திறக்கவில்லை, நாலு நாளில் அத்தை போய்விடுவார் என்று இருந்துவிட்டார். நானும்தான். போதாததற்கு இந்தக் குளிரில் தாகமே தெரியாது, தண்ணீரும் குடிக்கவில்லை.

பத்தாம் நாள் டம்ளர் பிடிக்க முடியாமல் கை ஆடியது. வயிற்றுப்போக்கு, வாந்தி, நடந்தால் தள்ளாட்டம். மறுபடி அதே கொண்டை ஊசி வளைவுகள், மறுபடி கோயம்புத்தூர். ரத்தத்தில் லித்தியம் சாதாரணமாக 0.6இலிருந்து 1.0 வரை இருக்கலாம், எனக்கு 1.7. மாத்திரையை நிறுத்தி டிரிப்ஸ் ஏற்றினார்கள். பிழைத்தேன்.

அங்கே வைத்துத்தான் அத்தையிடம் சொன்னோம். என்ன நோய், பரம்பரையா, கல்யாணம் ஆகுமா என்று ஒன்றுமே கேட்கவில்லை. "பாவி மகளே, உனக்குத் துணைக்குன்னு நானும்ல பத்து நாளா உப்பில்லாம தின்னேன்" என்று அழுதார்.

அதனால் போய்ச் சேருங்கள், ஊருக்கெல்லாம் அறிவிக்க வேண்டாம், ஆனால் உங்களுக்குச் சமைத்துப் போடுகிறவருக்கும் தலைவலிக்கு மாத்திரை எழுதுகிற உள்ளூர் டாக்டருக்கும் என்ன மருந்து என்று தெரிந்திருக்கட்டும் (லித்தியத்தோடு சில வலி மாத்திரைகளும் ஆகாது). கிளம்புவதற்குள் ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசுவார்கள். எலாஸ்டிக் வைத்த பேன்ட்டாக எடுத்துக்கொள்ளுங்கள், போன் நம்பர்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், போனை வாங்கி வைத்தாலும் வைப்பார்கள். ஸ்வெட்டர் வேண்டாம், மலைக்குக் கீழே வேர்க்கும்.