மரம் எங்கே வெட்டப்பட்டது? காகிதத் தொழிலில் பசுமை வாய்ப்புகள்: கேள்வி பதில்

26 ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் காகிதம் வாங்கி விற்கிறேன். அச்சகங்களுக்குத் தாள், பெட்டி செய்பவர்களுக்கு அட்டை கொடுப்பது என் வேலை. காட்டையும் காகிதத்தையும் சுற்றுச்சூழலையும் சேர்த்துப் பார்த்தால் நம்மைப் போன்றவர்களுக்கு என்ன தொழில் கிடைக்கும் என்று பலர் கேட்டிருந்தார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அண்ணே, காடே இல்லாத ஊர் நம்முடையது. காடு, மரம் என்று பேசி நமக்கு என்ன வியாபாரம் வந்துவிடப் போகிறது? (கட்டுமானத் துறையில் இருப்பவர், ஈசூன்)

2013 ஜூன் 21 நினைவிருக்கிறதா? காற்றுத்தரக் குறியீடு 401ஐத் தொட்ட நாள். எதிர்ப் புளோக் தெரியவில்லை. மறு ஆண்டே எல்லை தாண்டும் புகைமூட்டத்துக்கு எதிராகச் சட்டம் வந்தது. புகைக்குக் காரணமான நிறுவனம் வெளிநாட்டில் இருந்தாலும் நாளுக்கு 100,000 வெள்ளி, மொத்தம் 2 மில்லியன் வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். 2015இல் மறுபடியும் புகை. பள்ளிகளை மூடினார்கள். அக்டோபரில், இந்தோனேசியாவில் தீ எரிந்த தோட்டங்களோடு தொடர்புடையது என்று சந்தேகிக்கப்பட்ட நிறுவனத்தின் காகிதப் பொருள்களைப் பேரங்காடிகள் அலமாரியிலிருந்து எடுத்துவிட்டன.

அந்த வாரம் பயிற்சி நூல் அச்சிடும் வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்து, "இந்தத் தாள் எந்தக் காட்டு மரம்?" என்று கேட்டார். தொழிலுக்கு வந்து 15 ஆண்டுகளில் அப்படி யாரும் என்னிடம் கேட்டதே இல்லை. எனக்குப் பதில் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. என் மகள் மூச்சுத் திணறிப் படுத்திருந்த வாரம் அது, நான் விற்கும் பொருளின் ஊர் எனக்கே தெரியவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் இன்றைய வியாபாரம். மரக்கூழ் வாங்கி விற்பவர்கள், கடன் கொடுக்கும் வங்கிகள், கப்பல், காப்புறுதி எல்லாம் இங்கே இருக்கின்றன. காடு சுமத்ராவிலோ பிரேசிலிலோ இருந்தாலும், அதன் ஆவணம் நம் மேசையைக் கடந்துதான் போகிறது. அந்த ஆவணத்தைச் சரியாகத் தயாரிக்கவும் சரிபார்க்கவும் தெரிந்தவருக்கு வேலை இருக்கிறது.

எஃப்எஸ்சி (பொறுப்போடு பராமரிக்கும் காட்டு மரத்துக்கான சான்று) தாள்தான் வாங்குகிறேன், கூடுதல் விலையும் கொடுக்கிறேன். அந்த முத்திரையை நான் அச்சிடும் புத்தகத்தில் போடலாமா? (சிறு அச்சகம், கல்லாங்)

கூடாது. நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இது. மரத்தை வெட்டியவர், கூழ் ஆலை, தாள் ஆலை, என்னைப் போன்ற வணிகர், அச்சகம் என்று சரக்கு கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் சான்றிதழ் இருக்க வேண்டும். நடுவில் ஒருவரிடம் இல்லையென்றால் சங்கிலி அங்கேயே அறுந்தது. தாள் எவ்வளவு நல்ல காட்டிலிருந்து வந்திருந்தாலும், உங்கள் அச்சகத்துக்கென்று சான்றிதழ் இல்லாமல் முத்திரை போட முடியாது.

சான்றிதழுக்கு 5 ஆண்டு ஆயுள், ஆண்டுக்கு ஒரு தணிக்கை. தணிக்கையாளர் முக்கியமாகப் பார்ப்பது கணக்கை: எத்தனை கிலோ எஃப்எஸ்சி தாள் உள்ளே வந்தது, எத்தனை கிலோ முத்திரையோடு வெளியே போனது, கழிவு எவ்வளவு. கிடங்கில் அந்தத் தாளைத் தனியாக அடுக்கி அடையாளம் வைத்திருக்க வேண்டும். கணக்குப் பிள்ளைக்கு இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தால் பழகிவிடுவார். செலவு பயமுறுத்தினால், சிறு நிறுவனங்கள் பல சேர்ந்து ஒரே குழுவாகச் சான்றிதழ் வாங்க வழி இருக்கிறது. உங்கள் வட்டாரத்தில் நான்கு அச்சகங்கள் சேர்ந்தால் போதும், பேசிப் பாருங்கள்.

பெரிய நிறுவனங்கள் பல அச்சு ஒப்பந்தத்துக்கு விலை கேட்கும்போது இந்தச் சான்றிதழைக் கேட்கின்றன. இல்லாதவர் விலையைக் குறைத்தும் பயனில்லை. அரசு அமைப்பான எண்டர்பிரைஸ் சிங்கப்பூரின் நிறுவன மேம்பாட்டு மானியம் தகுதியுள்ள திட்டங்களுக்குச் செலவில் பாதி வரை தருகிறது. விண்ணப்பிக்கும் முன் செலவைத் தொடங்கிவிடாதீர்கள்.

ரப்பர் மரச் சாமான்கள் செய்து ஐரோப்பாவுக்கு அனுப்புகிறோம். புதிய காட்டழிப்புச் சட்டம் எங்களைப் பாதிக்குமா? (சுங்கை காடுட்)

பாதிக்கும். மரம், ரப்பர், செம்பனை, காப்பி, கொக்கோ, சோயா, மாடு ஆகிய 7 பொருள்களும் அவற்றிலிருந்து செய்தவையும் அதில் அடங்கும். கூழும் காகிதமும் உண்டு. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்திலிருந்து வந்த எதையும் ஐரோப்பியச் சந்தையில் விற்க முடியாது. நாட்டின் பெயரைச் சொன்னால் போதாது. மரம் நின்ற நிலத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை வேண்டும். அமலாகும் தேதி இரண்டு முறை தள்ளிப்போய், பெரிய நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30, குறு, சிறு நிறுவனங்களுக்கு 2027 ஜூன் 30 என்று ஆகியிருக்கிறது. தள்ளிப்போனதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். உங்கள் ஐரோப்பிய வாடிக்கையாளர் இப்போதே கேள்வித்தாள் அனுப்பியிருப்பார்.

உங்கள் சிக்கல் சிறு தோட்டக்காரர்களிடம்தான் இருக்கும். ஜொகூரில் ஐந்து ஏக்கர் வைத்திருப்பவர் மரத்தைத் தரகரிடம் விற்பார், தரகர் பத்துப் பேர் மரத்தைக் கலந்து ஆலைக்கு அனுப்புவார். அந்தப் பத்துத் தோட்டங்களையும் கைபேசியில் எல்லை குறித்து, துணைக்கோள் படத்தோடு ஒப்பிட்டு, ஆவணமாக்கிக் கொடுக்கும் சேவையே ஒரு தனித் தொழில். தமிழும் மலாயும் பேசத் தெரிந்த நம் பிள்ளைகள் இதைச் செய்தால் தோட்டக்காரர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள். சட்டத்தின் பெயரால் சிறு விவசாயியைக் கழற்றிவிடுவதுதான் ஆலைகளுக்குச் சுலபம். அவரையும் சங்கிலிக்குள் வைத்திருக்க இப்படி ஒருவர் நடுவில் தேவை.

கடையில் பொட்டலத்துக்கு 'மக்கும்' பெட்டி வாங்கச் சொல்கிறார்கள். விலை இரட்டிப்பு. வாங்கலாமா? (வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, ரேஸ்கோர்ஸ் ரோடு)

அக்கா, நம் ஊரில் குப்பையைப் புதைப்பதில்லை, எரிக்கிறார்கள். சாம்பலும் எரிக்க முடியாத கழிவும்தான் செமக்காவு குப்பைநிலத்துக்குப் போகின்றன. மக்குவதற்கு இடமே இல்லாதபோது 'மக்கும்' என்ற சொல்லுக்கு ஏன் இரட்டை விலை? 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகள் பைக்குக் குறைந்தது 5 காசு வாங்குகின்றன. அது காகிதப் பைக்கும் சேர்த்துத்தான். எந்தப் பொருளில் செய்தாலும் ஒரு முறை வீசும் பை வீண்தான் என்பதே காரணம்.

உங்கள் கடையில் உட்கார்ந்து சாப்பிடுபவருக்கு இலை போடுகிறீர்கள். அதைவிட நல்லது எதுவும் என்னிடம் இல்லை. பொட்டலத்துக்கு மட்டும் கரும்புச் சக்கைப் பெட்டியோ அட்டைப் பெட்டியோ வாங்குங்கள், எண்ணெய் ஊறாமல் இருக்க என்ன பூசியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். பிஎஃப்ஏஎஸ் என்னும் ரசாயனம் இல்லை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உணவுப் பெட்டிகளில் அதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஆகஸ்ட் முதல் கடுமையான வரம்பு வைத்திருக்கிறது.

அங்கிள், காராங்கூனி மாதிரி பழைய காகிதம் சேகரிக்கும் தொழிலைச் செயலி வைத்து நவீனமாகச் செய்ய நினைக்கிறேன். நடக்குமா? (தொழிற்கல்லூரி மாணவர், தெம்பனிஸ்)

நடக்கும் தம்பி, ஆனால் வீடு வீடாகப் போகாதே. 2024இல் வீட்டுக் கழிவில் மறுபயனீட்டுக்குப் போனது 11 விழுக்காடுதான். நீலத் தொட்டியில் விழுவதில் ஏறக்குறைய 40 விழுக்காடு வீணாகிறது. பாதி குடித்த பபிள் டீயை ஒருவர் போட்டால் கீழே இருக்கும் செய்தித்தாள் அத்தனையும் போச்சு. நனைந்த, உணவு பட்ட காகிதத்தை ஆலை வாங்காது.

இங்கே சேரும் பழைய காகிதத்தின் பெரும்பகுதி வெளிநாட்டு ஆலைகளுக்குத்தான் போகிறது. முன்பு சீனா எதையும் வாங்கியது. 2018இல் தரம் பிரிக்காத காகிதத்தை நிறுத்தியது, 2021 முதல் கழிவு இறக்குமதியையே மூடிவிட்டது. அன்று கலந்து கட்டியே பழகியிருந்த என் நண்பர்கள் மிகவும் அடிபட்டார்கள். தரம் பிரித்தவர்கள் தப்பித்தார்கள். அதனால் அலுவலகங்களைப் பிடி. வெள்ளைத் தாள் தனியாக, அட்டைப்பெட்டி தனியாக, காய்ந்த நிலையில் கிடைக்கும். ரகசிய ஆவணங்களை அவர்கள் கண்முன் துண்டாக்கித் தரும் சேவையைச் சேர்த்தால் அதற்குத் தனிக் கட்டணம். செயலியில் படம் காட்டுவதைவிட, எந்த அலுவலகம் எத்தனை கிலோ கொடுத்தது என்று மாதாமாதம் அறிக்கை கொடு. நிலைத்தன்மை அறிக்கை எழுத அவர்களுக்கு அந்த எண் வேண்டும்.

டிஷ்யூ, பீட்சா பெட்டி நீலத் தொட்டியில் போடலாமா? (இல்லத்தரசி, செங்காங்)

டிஷ்யூ வேண்டாம். பீட்சா பெட்டியின் எண்ணெய் படாத மூடியைக் கிழித்துப் போடுங்கள், மற்றது குப்பைக்கு.

தேக்கு நட்டுக் கரிமப் புள்ளி விற்கும் திட்டத்தில் 10,000 வெள்ளி போடச் சொல்கிறார்கள். ஆண்டுக்கு 18 விழுக்காடு நிச்சயமாம். (ஓய்வுபெற்றவர், அங் மோ கியோ)

போடாதீர்கள் ஐயா. மரம் நிச்சய வட்டி தராது. தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் தேக்குப் பண்ணைத் திட்டங்களில் பணம் போட்டுத் தலையில் துண்டு போட்டுக்கொண்டவர்களை நீங்களும் அறிவீர்கள். சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் எச்சரிக்கைப் பட்டியலையும் பார்த்துவிடுங்கள்.

கரிமப் புள்ளி என்பது தவிர்த்த அல்லது உறிஞ்சிய ஒரு டன் கரியமில வாயுவுக்கான சான்று. அதற்கு உண்மையான சந்தை இருக்கிறது. கரிம வரி 2024இல் டன்னுக்கு 25 வெள்ளியானது, 2026இல் 45. வரி கட்டும் நிறுவனங்கள் வரிக்குரிய உமிழ்வில் 5 விழுக்காடு வரை தகுதியுள்ள வெளிநாட்டுப் புள்ளிகளைக் கொடுத்து ஈடுகட்டலாம். அதற்காகப் பாப்புவா நியூகினி, கானா போன்ற நாடுகளோடு சிங்கப்பூர் ஒப்பந்தம் செய்திருக்கிறது. ஆனால் தகுதிச் சோதனை கடினம்: திட்டம் இல்லாவிட்டாலும் அந்தக் காடு பிழைத்திருக்குமா, நாளை எரிந்துபோனால் யார் பொறுப்பு என்று கேட்பார்கள். உங்களிடம் வந்தவரிடம் இந்த இரண்டையும் கேட்டுப் பாருங்கள்.

மகள் வேதிப் பொறியியல் படிக்கிறாள். காகிதத் துறை செத்துக்கொண்டிருக்கிறது என்கிறாள். சொந்த ஊர் கரூர். (பேருந்து ஓட்டுநர், ஜூரோங்)

கரூர்க்காரர் இப்படிக் கேட்கலாமா! காகிதபுரத்தில் 1979இல் தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையில் தாள் செய்து காட்டியது. சர்க்கரை ஆலைகள் கொதிகலனில் எரித்துவந்த சக்கை அது. ஆலைகளுக்கு வேறு எரிபொருள் கொடுத்துவிட்டுச் சக்கையை வாங்கிக்கொண்டார்கள். மகளை விடுமுறையில் அங்கே ஒரு முறை கூட்டிப்போங்கள்.

செய்தித்தாளுக்கான தாள் குறைகிறது, உண்மை. ஆனால் மரத்தில் ஏறக்குறைய பாதிதான் கூழாகிறது. மீதி கறுப்புக் கரைசலாக வந்து கொதிகலனில் எரிந்து நீராவியும் மின்சாரமும் ஆகிறது. பின்லாந்தில் ஆனேகோஸ்கி ஆலை 2017 முதல் புதைபடிவ எரிபொருளே இல்லாமல் ஓடி, தன் தேவைக்கு மேல் மின்சாரம் செய்கிறது. அதே நாட்டின் லாப்பேன்ராந்தாவில் பைன் மரக்கூழின் உபரி எண்ணெயிலிருந்து 2015 முதல் டீசல் செய்கிறார்கள். மர இழைகளை ஒட்டிவைக்கும் லிக்னினைப் பிரித்துப் பசையில் சேர்க்கிறார்கள். இவை எல்லாமே வேதிப் பொறியாளர் வேலை.

கடைசியாக ஒரு சின்னக் கேள்வி. அலுவலகத்துக்கு ஏ4 தாள் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? (துணைப்பாட நிலையம், பூன் லே)

முதலில் முத்திரை. அப்புறம் எடை. 80 கிராம் தாள் (ஒரு சதுர மீட்டரின் எடை அது) 500 கொண்ட ஒரு கட்டு 2.5 கிலோ வரும், 70 கிராம் தாள் என்றால் 2.2 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பயிற்சித்தாளுக்கு 70 போதும், எட்டில் ஒரு பங்கு கூழ் மிச்சம். இரண்டு பக்கமும் அச்சிடும்போது மறுபக்க எழுத்து தெரிகிறதா என்று மட்டும் ஒரு கட்டு வாங்கிச் சோதித்துப் பாருங்கள். வேண்டுமானால் இரண்டிலும் மாதிரித் தாள் அனுப்புகிறேன்.