கப்பல் பயணத்தில் புதுத் தொழில்நுட்பம் புரியாமல் திண்டாடிய அனுபவம் உங்களுக்கு உண்டா?

உண்டு. நான்கு நாள் பயணத்தில் முதல் இரண்டு நாளும் கடலைப் பார்த்ததைவிட என் செல்போனையும் திறக்காத அறைக் கதவையும் பார்த்ததுதான் அதிகம்.

நான் ஆரப்பாளையம் – உசிலம்பட்டி தடத்தில் அரசுப் பேருந்துக் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். தண்ணீரில் போன அனுபவம் என்றால் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் மைய மண்டபத்தைச் சுற்றி வரும் படகு மட்டும்தான். அதுவும் இப்போதுதான். எங்கள் காலத்தில் குளம் பெரும்பாலும் காய்ந்து கிடக்கும், பையன்கள் உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடுவார்கள். அப்படிப்பட்டவனைச் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன், எங்கள் நாற்பதாவது கல்யாண நாளுக்கென்று பினாங்கு போய்த் திரும்பும் சொகுசுக் கப்பலில் ஏற்றிவிட்டான். அவனுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. "எல்லாம் செல்போன்லயே இருக்குப்பா, ஈசிதான்" என்று துறைமுகத்தில் கையாட்டிவிட்டுப் போய்விட்டான்.

ஏறும்போதே ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். கதவுச் சாவி, பர்ஸ், இறங்கி ஏறுவதற்கான பாஸ் எல்லாம் அதுதான். நான் மதுரையிலேயே மாற்றி எடுத்துப் போன சிங்கப்பூர் டாலரை ஒரு காபிக்கு நீட்டினேன். கடையிலிருந்த பெண் சிரித்தபடி அட்டையைக் கேட்டாள். முப்பத்தொரு வருஷம் "சில்லறையா குடுங்க" என்று தொண்டை கிழியக் கத்தியவனிடம் காசே வேண்டாம் என்கிறார்கள்! காபி ருசிக்கவே இல்லை.

அந்த அட்டையும் சாயங்காலத்துக்குள் செத்துவிட்டது. கதவில் சொருகினால் சிவப்பு விளக்கு. வரவேற்பு மேசைக்குப் போய் மாற்றி வந்தேன். ஒரு மணி நேரத்தில் மறுபடி சிவப்பு. மூன்றாவது முறை போனபோதுதான் அங்கிருந்தவர் என் செல்போன் உறையைக் காட்டிக் கேட்டார். உறையை மூடும் பட்டையில் காந்தம். அட்டையை அதற்குள்தான் பத்திரமாக வைத்திருந்தேன். இந்த மாதிரி அறைச் சாவி அட்டைகளின் கறுப்புப் பட்டையில் பதிவது மிக லேசான காந்தப் பதிவு. திரும்பத் திரும்ப அழித்து எழுதவேண்டியது என்பதால் அப்படிச் செய்கிறார்கள். வங்கி அட்டை அதைவிடக் கெட்டி. பத்திரம் என்று நினைத்ததுதான் வினை.

அடுத்தது செல்போன். மகன் போகும்போது "கப்பல் கெளம்புனதும் ஏர்பிளேன் மோட் போட்ருங்கப்பா" என்று சொல்லியிருந்தான். எனக்கு அது அறிவாகவே படவில்லை. நாம் ஏறியது கப்பல், விமானத்துக்கான பொத்தானை எதற்கு அழுத்தவேண்டும்? போனை எந்த டவரோடும் சேராமல் தடுக்கும் பொத்தான் அது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். கரை மறைந்து வெகுநேரம் கழித்தும் சிக்னல் பட்டைகள் தெரிந்தன. பரவாயில்லையே, நடுக்கடலிலும் டவர் வைத்திருக்கிறான் என்று மெச்சிக்கொண்டேன். டவர் வைத்திருந்தது உண்மைதான், ஆனால் அது கப்பலின் டவர். கரையிலுள்ள கோபுரங்கள் எட்டாத தூரம் போனதும், கப்பலுக்குள்ளேயே இருக்கும் சின்ன நிலையம் நம் போனைப் பிடித்துக்கொள்கிறது. அங்கிருந்து பேச்சும் படமும் செயற்கைக்கோள் வழியாகப் போகின்றன. அதற்குக் கட்டணம் தனி. மகன் போட்டுக் கொடுத்த வெளிநாட்டு பேக்கில் அது சேர்த்தியில்லை. நான் தூங்கிக்கொண்டிருக்க, என் போன் ராத்திரி முழுக்கப் பேரன் படங்களை இறக்கிக்கொண்டிருந்தது. பில் மகனுக்குப் போனது. எவ்வளவு என்று இன்றுவரை சொல்லவில்லை. அவன் அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறான் என்று நினைக்கிறேன், அவள் பார்வையில் தெரிகிறது.

இதற்கிடையில் ஒலிபெருக்கியில் எங்கள் அறை எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நடுவழியில் செக்கிங் இன்ஸ்பெக்டர் வண்டியை நிறுத்திய மாதிரி வயிற்றில் ஒரு புரட்டல். என்னவென்றால், அறை டிவியில் பாதுகாப்புப் படம் பார்த்தால் மட்டும் போதாது, அட்டையில் போட்டிருக்கும் ஆபத்துநேரக் கூடுமிடத்துக்கு நேரில் போய் அட்டையைக் காட்டிப் பதிவு செய்யவேண்டும். நாங்கள் படம் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டோம். இதில் மட்டும் எனக்குக் கோபம் இல்லை. 2012 ஜனவரியில் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று புதிதாக ஏறியிருந்த பல நூறு பேருக்கு இந்தப் பாதுகாப்புப் பயிற்சி நடந்திருக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அப்போதைய விதி. 2015 முதல் கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய கையோடோ முடித்தாகவேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். ஒருத்தர் பாக்கி இருந்தாலும் கூப்பிடத்தான் செய்வார்கள்.

பதிவு செய்துவிட்டு லிஃப்டில் ஏறினோம். உள்ளே பொத்தானே இல்லை. நாலு சுவரும் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது, எண் ஒன்றும் இல்லை. கதவு மூடிக்கொண்டது. அது எங்களைக் கேட்காமல் மேலே போனது. நீச்சல் குளத்திலிருந்து ஈரத்தோடு நாலு பேர் ஏறினார்கள். கீழே போனது. அவர்கள் இறங்கினார்கள். மறுபடி மேலே. என் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க, இறக்கி விடுவானா மாட்டானா?" என்றாள். கடைசியில் ஒரு சீனச் சிறுவன்தான் வெளியே இழுத்துக் காட்டினான். லிஃப்டுக்கு வெளியே ஒரு திரை. போகவேண்டிய தளத்தை அங்கேயே அழுத்தினால், எந்த லிஃப்டில் ஏறவேண்டும் என்று ஓர் எழுத்து வரும். ஒரே தளத்துக்குப் போகிறவர்களை ஒன்றாகச் சேர்த்து அனுப்பும் ஏற்பாடு. யோசித்துப் பார்த்தால், "உசிலம்பட்டி மட்டும் ஏறுங்க, வழியில நிக்காது" என்று நானே கத்தியிருக்கிறேன். அதேதான்.

அப்படிக் கத்திய நாள்களில் ஒரு பாட்டி ஞாபகம் வந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் "செக்கானூரணி வந்துருச்சா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஐந்தாவது முறை, "போர்டு போட்டிருக்குல்ல, படிக்கத் தெரியாதா?" என்று எரிந்து விழுந்தேன். படிக்கத் தெரியாதுதான் அவருக்கு. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இறங்கவேண்டிய இடத்தையும் தாண்டிவிட்டார்.

இரண்டாம் நாள் சாப்பாட்டு மேசையில் அச்சிட்ட மெனு இல்லை, கட்டம் கட்டமாகக் க்யூஆர் கோடு. அதற்குள் ஏர்பிளேன் மோட் போட்டிருந்தேன். அதைப் போட்டுவிட்டால் வைஃபையும் வராது என்று நம்பிக்கொண்டு, அந்தக் கட்டத்தை வெறுமனே போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்: "என்ன அண்ணாச்சி, மதுரைப் பக்கமா?"

தூத்துக்குடித் தம்பி. மீனவர் வீட்டுப் பிள்ளை, சாப்பாட்டுக் கூடத்தில் வேலை. ஏர்பிளேன் மோடுக்கு மேலேயே வைஃபையைத் தனியாகப் போடலாம் என்று செய்து காட்டினான். கப்பலின் வைஃபையில் சேர்ந்தால் மெனுவும் நிகழ்ச்சி நேரமும் பார்க்கக் காசு இல்லை, வெளி உலகத்துக்குப் போனால்தான் காசு. இந்த ஒரு வாக்கியத்தை முதல் நாளே யாராவது தமிழில் சொல்லியிருந்தால் பேரன் படங்கள் இவ்வளவு விலைக்கு வந்திருக்காது.

அவனிடம்தான் என் பெரிய அவமானத்தையும் சொன்னேன். அறையை விட்டு வந்தால் எந்தப் பக்கம் முன், எந்தப் பக்கம் பின் என்று தெரியவில்லை. மதுரையில் எந்தத் தெருவில் நின்றாலும் கோபுரத்தைப் பார்த்துத் திசை சொல்லிவிடுவேன். இங்கே முந்நூறு கதவும் ஒரே மாதிரி. என் மனைவி குறுக்கிட்டாள்: "தரையில விரிச்சிருக்குற கம்பளத்துல மீனெல்லாம் அங்கிட்டுத்தான் போகுது, நான் நேத்தே பார்த்தேன்." தம்பி சிரித்துவிட்டான். சில கப்பல்களில் அது வேண்டுமென்றே செய்வதாம். மீன் மூஞ்சி இருக்கும் பக்கம் அணியம், வால் பக்கம் அமரம் என்றான். கப்பலின் முன்னுக்கும் பின்னுக்கும் அவன் அப்பா கடலில் சொல்லும் வார்த்தைகள். பாண்டியன் மீன் கொடி பறந்த ஊர்க்காரன், காலடியில் மீனை மிதித்துக்கொண்டே இரண்டு நாள் வழி தேடியிருக்கிறேன்.

பினாங்கில் இறங்கியதும் நிலைமை தலைகீழ். லிட்டில் இந்தியாவில் தமிழ்ப் போர்டு, தமிழ்ப் பாட்டு, மாற்றிய ரிங்கிட் நோட்டைக் கொடுத்தால் மீதி சில்லறையும் வந்தது. அதை எண்ணி வாங்கிய சுகத்தைச் சொல்லி மாளாது.

கழிவறையைப் பற்றி ஒன்று மட்டும். பொத்தானை அழுத்தினால் டயர் வெடித்த மாதிரி சத்தம் வரும், பயப்படவேண்டாம். தண்ணீரைக் கொட்டித் தள்ளாமல் காற்றால் உறிஞ்சி இழுக்கிறார்கள், ஒரு லிட்டர் சொச்சம் தண்ணீர் போதும். என் மனைவி கடைசி நாள்வரை வெளியே நின்று கையை மட்டும் உள்ளே நீட்டி அழுத்தினாள்.

ஊர் திரும்பியதும் மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போனோம். அங்கே 2018 முதல் செல்போனுக்குத் தடை. வாசலில் இரண்டு போனையும் ஒப்படைத்துவிட்டு, டோக்கனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அப்பாடா என்று உள்ளே நுழைந்தேன். தரிசனம் முடிந்து வந்தால் டோக்கனைக் காணோம். அரை மணி நேரம் ஆடி வீதியெல்லாம் தேடிய பிறகு, "எங்கிட்ட குடுத்தீங்க" என்று மனைவி சேலை முடிச்சை அவிழ்த்தாள்.