நாற்பது கிட்டார்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க ராக் இசைக்குழு ஸ்மாஷிங் பம்ப்கின்ஸின் இரண்டாவது ஆல்பம் ‘சயாமீஸ் ட்ரீம்’ பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். அந்தக் கிட்டார் ஒலியை வீட்டில் கொண்டுவரப் பார்க்கிறேன். பிக் மஃப் என்ற டிஸ்டார்ஷன் பெடல் வைத்து ஒரே ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் சின்ன கிட்டார் துணுக்கு) எட்டு டிராக் அடுக்கினேன். கெட்டியாக வரும் என்று பார்த்தால் சேறாகக் குழம்புகிறது. ‘சோமா’ பாட்டில் நாற்பது அடுக்கு என்கிறார்கள். எட்டே தாங்காதபோது நாற்பது எப்படி?

ம.

அன்புள்ள ம.,

அந்த எட்டும் எட்டு முறை வாசித்தவையா, ஒன்றை வாசித்து நகலெடுத்தவையா? நகல் என்றால் இப்போதே அழித்துவிடுங்கள். ஒரே டேக்கின் (ஒருமுறை வாசித்த பதிவின்) இரண்டு நகல்கள் சேர்ந்தால் ஒலி 6 டெசிபல் கூடும், அவ்வளவுதான். தனித்தனியே வாசித்தால் கூடுவது ஏறத்தாழ 3 டெசிபல்தான். ஆனால் இரண்டு வாசிப்புக்கும் இடையே சில மில்லிசெகண்ட் முன்பின் இருக்குமே, அதைத்தான் காது அகலமாக உணர்கிறது.

வாசித்தவைதான் என்றால், குற்றவாளி பெரும்பாலும் பெடலில் டிஸ்டார்ஷன் அளவைக் கூட்டும் சஸ்டெய்ன் குமிழ். தனியாகக் கேட்கும்போது பிரமாதமாக இருக்கும் டிஸ்டார்ஷன் எட்டு மடங்கானால் வெறும் இரைச்சல். ஃபஸ் (பெடல் தரும் அந்தக் கரகர டிஸ்டார்ஷன்) ஒலியின் உச்சிகளை நசுக்குவதால், கையில் பிடித்து மீட்டும் பிக் கம்பியில் படும் அந்த ‘டக்’ காணாமல் போகிறது. எட்டு டிராக்கிலும் அது இல்லையென்றால் ரிஃபுக்குத் தாளமே இல்லை. முதல் ஜோடிக்கு மட்டும் முழு ஃபஸ் கொடுங்கள், ஒன்று முழு இடது, ஒன்று முழு வலது. இரண்டாம் ஜோடிக்குப் பெடலை அணைத்து ஆம்பின் டிஸ்டார்ஷன் மட்டும், அதுவும் பாதி. மூன்றாவதில் கிட்டாரையோ பிக்கப்பையோ (கம்பி அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பாகம்) மாற்றி, கார்டை வேறு இடத்தில் பிடியுங்கள். நான்காவது ஜோடி தேவைப்படாது என்பது என் கணிப்பு.

பெடல் பற்றி ஒன்று. இசைக்குழுவின் பாடகரும் கிட்டாரிஸ்டுமான பில்லி கார்கன் பயன்படுத்தியது, டிரான்சிஸ்டர்களுக்குப் பதில் ஆப்-ஆம்ப் சில்லு கொண்ட 70களின் பிக் மஃப். 2017-ல் அது சிறிய பெட்டியில் மறுபடி வெளிவந்தது. டிரான்சிஸ்டர் வகையில் டோன் குமிழ் நடுவில் இருந்தால் 1000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி குழிந்துவிடும், கிட்டார் மிக்ஸில் மூழ்கும். உங்களுடையது அந்த வகை என்றால் ஆம்பில் மிட் (நடு அலைவரிசை) குமிழை ஏற்றுங்கள்.

ஒலியின் கீழ்ப்பகுதியை (தாழ்ந்த அலைவரிசைகளை) ஒரு ஜோடிக்கு மட்டும் விட்டுவையுங்கள். மற்றவற்றில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம், அங்கே பேஸ் கிட்டார் இருக்கிறது. நீங்கள் ‘சேறு’ என்பது பெரும்பாலும் 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை. அங்கே ஒவ்வொரு டிராக்கிலும் 2, 3 டெசிபல் இறக்கினால் போதும்.

ட்யூனிங்கை ஒவ்வொரு டேக்குக்கு முன்பும் பாருங்கள், பாட்டுக்கு ஒருமுறை போதாது. ஆக்டேவ் (ஒரே சுரத்தை மேல் ஸ்தாயியிலும் சேர்த்து) பிடிக்கும்போது விரலை அழுத்தினால் சுருதி ஏறும். ஒரு டிராக்கில் தெரியாது. ஆறில் அலை அலையாகத் துடிக்கும். பெடல், ஆம்பின் பின்னணி இரைச்சலும் சேரும், எட்டு டிராக் என்றால் 9 டெசிபல். ரிஃப் நிற்கும் இடங்களில் எல்லா டிராக்கையும் ஒரே புள்ளியில் வெட்டுங்கள். (‘மயோனைஸ்’ பாட்டின் இடைவெளிகளில் வரும் விசில், மலிவான கிட்டார் ஒன்றின் ஃபீட்பேக். அழகாக இருந்ததால் விட்டுவைத்தார்கள். உங்களுடையதும் அழகாக இருந்தால் வெட்டாதீர்கள்.)

நாற்பது என்ற எண்ணை மறந்துவிடலாம். அந்த ஆல்பத்தின் கிட்டார், பேஸ் பகுதிகளில் பெரும்பாலானவற்றை கார்கன் ஒருவரே வாசித்தார். இசைக்குழுவுக்குள் அது புண்ணாக இருந்தது வேறு கதை. ஒரே கை என்பதால் வெட்டும் நீட்டலும் எல்லா அடுக்கிலும் ஒத்துப்போகின்றன. தயாரிப்பாளர் புட்ச் விக் அவரை மறுபடி மறுபடி வாசிக்க வைத்தார். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள மரியெட்டாவில் 1992 டிசம்பரில் தொடங்கிய பதிவு 1993 மார்ச் வரை இழுத்தது. டேப்பில் பதிந்ததால் கணினியில் நகர்த்திச் சரிசெய்யும் வசதியும் இல்லை. பிறகு ஆலன் மோல்டர் மிக்ஸ் செய்தார்.

கிட்டாரையே கேட்டுக்கொண்டிருந்தால் டிரம்மர் ஜிம்மி சேம்பர்லின் தவறிப்போவார். அவர் ஸ்னேர் டிரம்மில் மெல்லத் தட்டும் சின்னச் சின்ன அடிகள்கூட அத்தனை கிட்டாருக்கு நடுவே கேட்கின்றன. உங்கள் மிக்ஸை மோனோவில் (இடம், வலம் இரண்டையும் ஒன்றாக்கி), பேச்சுக்குரல் அளவு ஒலியில் ஓட்டிப்பாருங்கள். ஸ்னேர் மறைந்தால் கடைசியாகச் சேர்த்த ஜோடியை எடுத்துவிட்டு மீண்டும் கேளுங்கள்.