அளவைச் சொன்னது யார்? பட்டறையில் கடைந்த டிஃபரன்ஷியல் மவுண்டும் நஷ்டஈடும்

கேள்வி: என்னிடம் பின்சக்கர இழுவையுள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. எஞ்சின் விசையைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலைத் தாங்கும் ரப்பர் புஷ்கள் கிழிந்துவிட்டன. கம்பெனி உதிரிபாகம் கிடைக்கவில்லை. லேத் பட்டறை ஒன்றில் பழைய புஷ்களைக் கொடுத்து அலுமினியத்தில், ரப்பரே இல்லாத சாலிட் மவுண்டாகக் கடைந்து, அங்கேயே பொருத்தினேன். நான்கே மாதத்தில் டிஃபரன்ஷியல் கவரின் காது (போல்ட் மாட்டும் நீட்சி) விரிசல் விட்டு ஆயில் ஒழுகுகிறது. “சாம்பிள்படி கடைந்தேன், என் வேலை முடிந்தது” என்கிறார் பட்டறைக்காரர். வழக்குப் போடலாமா? இதைப் பொருத்தியதே சட்டப்படி தவறா?

பதில்: முதலில், அந்த மவுண்ட்களை அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள். விரிசல் விட்ட கவரை வெல்டிங் வைத்துவிடவும் வேண்டாம். உங்கள் வழக்குக்கு அவைதான் சாட்சி.

சரக்கு விற்பனைச் சட்டம், 1930-இன் 16-ஆவது பிரிவைப் பாருங்கள். பொருள் எதற்கு என்று வாங்குபவர் தெரிவித்து, விற்பவரின் தொழில் திறமையை நம்பி வாங்கினால், அது அந்த வேலைக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்பது எழுதாமலே அமைந்த நிபந்தனை. ஆகவே அளவையும் உலோகத்தையும் முடிவு செய்தது யார் என்பதில்தான் உங்கள் வழக்கு நிற்கிறது. “அலுமினியம் போதும் சார், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று அவர் சொல்லியிருந்தால் பொறுப்பு அவருடையது. நீங்களே வரைபடம் கொடுத்து இதன்படி செய் என்றிருந்தால், அந்த அளவுப்படி கடையாமல் விட்டதற்கு மட்டுமே அவரைக் கேட்க முடியும்.

விரிசலுக்கு என்ன காரணம் என்பதும் இதோடு பின்னியது. கிழிந்து உப்பிய புஷ்ஷை மட்டும் அளந்து கடைவது சரியான முறையல்ல. சப்ஃபிரேமில், அதாவது டிஃபரன்ஷியலைத் தாங்கும் சட்டத்தில், உள்ள துளையை அளந்திருக்க வேண்டும். வண்டி அவர் பட்டறையிலேயே நின்றும் அளக்கவில்லை என்றால் அது வேலைக் குறைபாடு. போல்ட் துளை சற்று விலகியிருந்தாலும், முறுக்கும்போதே காதில் இழுவிசை ஏறிவிடும். விட்டுக்கொடுக்க ரப்பர் இல்லை. ஆனால் ஒரு பக்கம் சாலிட், மறுபக்கம் பழைய ரப்பர் என்று கலந்து போட்டிருந்தால், ரப்பர் பக்கம் அசைய அசைய, முறுக்கு விசையெல்லாம் சாலிட் பக்கக் காதுகளில் விழும். அப்படிக் கலந்து போடச் சொன்னது நீங்கள் என்றால் வழக்கு பலவீனம்தான். என்னிடம் மறைத்தாலும் எதிர்த்தரப்பு விடாது.

இவற்றைச் சுயேச்சையான ஆட்டோமொபைல் பொறியாளர் ஒருவரிடம் அளந்து, படத்துடன் அறிக்கை வாங்குங்கள். பில், பணம் அனுப்பிய பதிவு, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். உரையாடலைச் சாட்சியமாக்க, பாரதிய சாட்சிய சட்டம், 2023-இன் 63-ஆவது பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். பிறகு வக்கீல் நோட்டீஸ். பதில் திருப்தி இல்லையென்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே மனுப்போடலாம். கால வரம்பு 2 ஆண்டு. பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப 38-ஆவது பிரிவு ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. அதனால்தான் கழற்றாதீர்கள் என்றேன்.

அடுத்து, சட்டவிரோதமா என்ற கேள்வி. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அடிப்படை அம்சத்தை மாற்றும் கட்டமைப்பு மாற்றமே ‘மாற்றம்’ என்றும் விளக்குகிறது. ஆர்.சி.யில் புஷ் பற்றி எதுவும் இல்லை. அதே துளையில் பொருத்திய மவுண்ட் இதற்குள் வராது என்பது என் கருத்து. ஆனால் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில் இப்பிரிவைக் கண்டிப்பாகப் பொருள் கொண்டது. சப்ஃபிரேமை வெட்டியோ சேஸிஸில் புதிய பிராக்கெட் வெல்ட் செய்தோ இருந்தால் நான் இப்படி வாதாட மாட்டேன். அனுமதியற்ற மாற்றத்துக்கு 182ஏ(4) பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இந்த மாற்றத்தை இப்போதே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். விபத்துக்குப் பிறகு தெரிந்தால், உங்கள் வண்டிச் சேதத்துக்கான கோரிக்கையை மறுக்க அதையே காரணமாக்கக்கூடும்.

மறுபடி கடையக் கொடுக்கும்போது உலோகத்தின் தரம், வெளிவிட்டம், துளை மையங்களின் இடைவெளி, யார் அளந்தது என்பதை ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.