தோண்டாமல் கோட்டைக்கு அடியில் பார்ப்பது: கேள்வி பதில்

பழைய கோட்டைகளில் நிலத்தடி அளவாய்வு செய்கிறவன் என்பதால் என்னிடம் கேட்கப்பட்டவை இவை.

கே: சார், கருவியைத் தரையில் வைத்தால் புதைந்த சுவர் அப்படியே திரையில் தெரியுமா?

ப: தெரியாது. சுற்றியுள்ள மண்ணிலிருந்து எது வேறுபடுகிறது என்பதை மட்டும்தான் கருவி காட்டும். அது சுவரா, குப்பைமேடா என்பது நம் ஊகம்.

கே: எந்த முறை நல்லது?

ப: எதைத் தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கல் அடித்தளம் என்றால் நான் முதலில் மின்தடை அளவீட்டுக்குத்தான் போவேன். தரையில் முனைகளைக் குத்தி மின்சாரம் செலுத்துவோம். மண்ணின் ஈரம்தான் அதைக் கடத்துகிறது. கல் இருக்கும் இடத்தில் தடை கூடும். வண்டல் நிரம்பி ஈரம் தேங்கிய பழைய அகழியில் குறையும். முனைகளின் இடைவெளி அரை மீட்டர் என்றால் சுமார் ஒரு மீட்டர் ஆழம்வரைதான் எட்டும். 1946-இல் இங்கிலாந்தின் டார்செஸ்டர்-ஆன்-தேம்ஸில் தொல்லியலாளர் ரிச்சர்ட் அட்கின்சன் புதைந்த பள்ளங்களைத் தேடியது இப்படித்தான். நீண்ட வறட்சியில் அகழியும் சுவரும் இடம் மாறினாற்போலப் படம் புரண்டுவிடுவதுண்டு. ஆகவே அளந்த நாளின் வானிலையையும் குறித்து வையுங்கள்.

கே: காந்தமானி எதற்கு?

ப: சூளை, உலை, அடுப்பு. களிமண்ணிலுள்ள இரும்பு ஆக்சைடு சூடேறி ஆறும்போது அன்றைய புவிக்காந்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புவியின் காந்தப்புலம் சுமார் 50,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). நாம் தேடும் மாற்றமோ பெரும்பாலும் சில நானோடெஸ்லா. அதனால் கோட்டையில் இரும்பு வேலி, விளக்குக் கம்பம், பார்வையாளர் வீசிய பாட்டில் மூடி எல்லாமே எதிரிகள். ஒருமுறை அரை நாள் அளந்த பிறகுதான் என் காலணியில் இரும்பு இருப்பது தெரிந்தது!

கே: ஐயா, எங்கள் கோட்டை முற்றம் முழுக்கக் கல் பாவியது. முனை இறங்காதே?

ப: ரேடார்தான். தரைக்குள் ரேடியோ அலையை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் பதிவு செய்யும். 400 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனா நல்ல மண்ணில் ஓரிரு மீட்டர் பார்க்கும். எந்த ஆழத்தில் என்ன என்று அடுக்கடுக்காகப் பிரித்தும் காட்டும். ஈரக் களிமண் என்றால் அலையை விழுங்கிவிடும், பணமும் வீண்.

கே: சுவர் எந்த நூற்றாண்டு என்று சொல்லுமா?

ப: சொல்லாது. நேற்றுப் போட்ட குழாய்ப் பள்ளமும் படத்தில் நேர்கோடுதான். சந்தேகமான இடத்தில் அனுமதி வாங்கிச் சின்னதாய் ஒரு குழி தோண்டித்தான் பார்க்க வேண்டும்.