அறுத்த வயலிலிருந்து விமானம் கிளம்புமா?

கேள்வி: சம்பா அறுவடை முடிந்து எங்கள் வயல்வெளி மைதானம் போலக் கிடக்கிறது. அவசரமாக இறங்கும் சிறு விமானம் இங்கிருந்தே திரும்பக் கிளம்ப முடியுமா?
- வாசகர், நீடாமங்கலம்

பதில்: பார்வைக்குத்தான் மைதானம். நான்கு பேர் அமரும் செஸ்னா 172எஸ், முழு எடையில் (1,157 கிலோ), 15 டிகிரி வெப்பத்தில், கடல் மட்டத்துத் தார்த் தளத்தில் சுமார் 300 மீட்டர் ஓடித் தரையை விடும். 50 அடி உயரம் எட்டுவதற்குள் மொத்தம் 500 மீட்டர் கடந்திருக்கும். நம் வாய்க்கால் கரைத் தென்னை அந்த உயரம் இருக்கும்.

வெயில் 35 டிகிரி என்றால் தூரம் 20 சதவீதம் கூடும். புல்தரைக்கு இன்னொரு 20. அரிதாளுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம். மண் பொதபொதவென்றிருந்தால் குறைந்தது 25. இவற்றைக் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். 500 மீட்டர் 900 ஆகிவிடும்.

ஒரு மா (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) நிலம் சதுரமாக இருந்தால் பக்கத்துக்குச் சுமார் 36 மீட்டர். ஆக, 900 மீட்டரில் இருபதுக்கு மேல் வரப்பு! மூக்குச் சக்கரத்தின் விட்டமோ 14 அங்குலம்தான். அது வரப்பில் ஏறாது, முட்டும். சக்கரத்தின் கால் பின்னால் மடங்க, புரொப்பல்லர் மண்ணைக் கொத்த, விமானம் குப்புறக் கவிழும். கோடையில் களிமண் வெடிப்பும் இதே வேலையைச் செய்யும். புரொப்பல்லர் தரையில் பட்டால் இன்ஜினையும் பிரித்துப் பார்த்தாக வேண்டும். இறக்கையைக் கழற்றி லாரியில் ஏற்றிவிடுவதே மலிவு.

கேள்வி: வரப்பே இல்லாத புல்தரையிலும் கிளம்பும்போது விழுகிறதே, ஏன்?
- வாசகி, திருவையாறு

பதில்: பெரும்பாலும் அவசரம். மெத்தென்ற தரையில் ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் பலகை) 10 டிகிரி இறக்கி, கன்ட்ரோலை (விமானியின் கைப்பிடி) முழுக்கப் பின்னால் இழுத்துப் பிடித்து, நடுவில் நிறுத்தாமல் ஓட்டுவார்கள். தரையை ஒட்டிப் பறக்கையில் இறக்கைக்கு இழுவை (காற்றின் தடை) குறைவு. அதனால் வேகம் போதாதபோதே விமானம் எழும்பிவிடும். எழும்பியதும் மூக்கைச் சற்றுத் தாழ்த்தி, சில அடி உயரத்திலேயே 62 நாட் (மணிக்குச் சுமார் 115 கி.மீ.) வரும்வரை ஓட்ட வேண்டும். அதற்குள் மேலே இழுத்தால் ஒரு இறக்கை சாய்ந்து விழும்.

இன்னொன்று: பாதித் தூரத்தில் கிளம்பும் வேகத்தில் 70 சதவீதம் வரவில்லை என்றால் அங்கேயே பவரைக் குறைத்து நிறுத்திவிட வேண்டும். 'இன்னும் கொஞ்சம் பார்ப்போம்' என்பவர்தான் தென்னையில் போய் மோதுவார்.

கேள்வி: விழுந்த விமானத்தருகே முதலில் நாங்கள் போக நேர்ந்தால்?
- வாசகர், பாபநாசம்

பதில்: 112-ஐ அழையுங்கள். இறக்கைகளுக்குள் 200 லிட்டர் வரை பெட்ரோல் இருக்கலாம், கீழேயோ வைக்கோல். பீடி, டிராக்டர் இரண்டும் தூர நிற்கட்டும். புரொப்பல்லரைக் கையால் திருப்பாதீர்கள், இன்ஜின் உயிர்பெறக்கூடும். தலைகீழாகத் தொங்குபவரின் தோளைத் தாங்கிப் பிடித்த பிறகே பெல்ட்டை விடுவியுங்கள். இல்லையேல் கழுத்து மடங்க விழுவார்.