எடையைக் குறைத்தால் புற்றுநோய் அபாயம் உண்மையிலேயே குறையுமா?

"இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இருக்கிறது, எடையும் அதிகம். எடையைக் குறைத்தால் புற்றுநோய் அபாயம் குறையும் என்பது நிஜமா, சும்மா பயமுறுத்துகிறார்களா? இன்சுலின் ஊசியே புற்றுநோய் தரும் என்கிறார்களே?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதவில்லை என்றாலும், யாரோ ஒரு டாக்டர் உங்களைக் கூசிப்போகும்படி பேசியிருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். கேள்வியின் சூடு அப்படி இருக்கிறது.

நான் டாக்டர் இல்லை. எனக்குச் சர்க்கரை உண்டு. என் அக்காவுக்குக் கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய் வந்தபோது கூடவே இருந்தேன். அவ்வளவுதான் என் தகுதி. "நெட்டில் படித்துவிட்டு வைத்தியம் சொல்ல வந்துவிட்டாள்" என்று பின்னூட்டம் போடத் துடிப்பவர்கள் இத்தோடு நகர்ந்துவிடலாம்.

பயமுறுத்தல் இல்லை, நிஜம்தான். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2016-இல் 13 வகைப் புற்றுநோய்களைக் குறிப்பிட்டு, உடலில் அதிகக் கொழுப்பு சேராமல் இருந்தால் அவற்றின் அபாயம் குறையும் என்று சொன்னது. பெருங்குடல், கல்லீரல், கணையம், சிறுநீரகம், மாதவிடாய் நின்றபின் வரும் மார்பகப் புற்றுநோய் எல்லாம் அதில் உண்டு. எடையோடு மிக அழுத்தமாகத் தொடர்புள்ளவற்றில் ஒன்று அக்காவுக்கு வந்தது.

அக்கா குண்டு. சர்க்கரையும் வெகுநாளாக இருந்தது. மாதவிடாய் நின்று சில வருடங்கள் கழித்து லேசாக ரத்தம் பட ஆரம்பித்தது. டாக்டரிடம் போனாள். அவர் பரிசோதிக்கவே இல்லை. "முதல்ல பத்து கிலோ குறைச்சிட்டு வாங்க, எல்லாம் சரியாப் போகும்" என்றார். முட்டி வலிக்குப் போனபோதும் இதே வசனம்தான். அவமானப்பட்டு வந்தவள் அதற்கப்புறம் எந்த டாக்டரிடமும் போக மறுத்துவிட்டாள். நான் சண்டை போட்டு வேறொரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போன பிறகுதான் ஸ்கேன், பயாப்ஸி எல்லாம் நடந்தன. நல்லவேளை, ஆரம்பக் கட்டம். கருப்பையை எடுத்தார்கள், இன்றைக்கு நன்றாக இருக்கிறாள்.

எனக்கு இன்னும் ஆறாதது இதுதான்: எந்த எடையைக் காட்டித் திட்டினாரோ, அந்த எடைக்காகவே அவர் அன்றைக்கே பயாப்ஸிக்கு அனுப்பியிருக்க வேண்டும். மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்டால் சுமார் பத்தில் ஒருவருக்குத்தான் அது புற்றுநோயாக இருக்கும். ஆனால் இந்தப் புற்றுநோய் வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு அந்த ரத்தப்போக்கு இருந்திருக்கும். எடையும் சர்க்கரையும் சேர்ந்திருப்பவருக்கு அதை எப்படித் தள்ளிப்போட முடியும்?

இரண்டாவது டாக்டர் பொறுமையாக விளக்கினார். சூலகம் ஓய்ந்த பிறகும் கொழுப்புத் திசு சும்மா இருப்பதில்லை. அதிலுள்ள அரோமட்டேஸ் என்ற நொதி, மற்ற ஹார்மோன்களை, கருப்பையின் உட்சுவரை வளரவைக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனாக மாற்றிக்கொண்டே இருக்கும். இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் உடல் அதை இன்னும் அதிகமாகச் சுரக்கும். அந்த அதிக இன்சுலின், ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துவைக்கும் புரதத்தைக் கல்லீரல் தயாரிப்பதைக் குறைத்துவிடும். அப்படி அவிழ்ந்து திரியும் ஈஸ்ட்ரோஜனை எதிர்த்து நிற்க புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனும் இல்லை. உட்சுவர் வளர்ந்துகொண்டே போகும். இன்சுலினே செல்களை வளரத் தூண்டும், கொழுப்பு லேசான அழற்சியை அணையாமல் வைத்திருக்கும். செல்கள் அதிகம் பிரியப் பிரிய, பிழைகளும் அதிகம்.

சரி, எடை குறைந்தால்? எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பற்றி 2022-இல் வந்த பெரிய ஆய்வில், அறுவை செய்யாதவர்களைவிட உடல்பருமன் சார்ந்த புற்றுநோய்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. அவர்கள் குறைத்தது நிறைய எடை. சர்க்கரை நோயாளிகள் உணவு, உடற்பயிற்சியால் எடை குறைத்த லுக் அஹெட் ஆய்விலோ, வித்தியாசம் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. அதனால் "நாலு கிலோ குறைத்தேன், இனி புற்றுநோய் வராது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சர்க்கரைக்கு அந்த நாலு கிலோவும் நல்லதுதான், அது வேறு கணக்கு.

இன்னொன்று. ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை வந்து, எந்த முயற்சியும் செய்யாமல் எடை இறங்கினால் சந்தோஷப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அபூர்வமாக அது கணையப் புற்றுநோயின் முதல் அடையாளமாக இருக்கும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் கொட்டிவிடுகிறேன். எடை பார்க்கும் இயந்திரத்தை எல்லோரும் காத்திருக்கும் இடத்தில் வைத்து, கிலோவை ஊருக்கே கேட்கும்படி வாசிக்கிறார்களே, எதற்கு? பருத்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தால் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். பெரிய பட்டை கேட்டால் முறைக்கிறார்கள். அப்புறம் "பேஷண்டுகள் ஒழுங்காகச் செக்கப்புக்கு வருவதில்லை" என்று புலம்பல் வேறு.

இன்சுலின் ஊசி விஷயம்: 2009-இல், நீண்ட நேரம் வேலை செய்யும் கிளார்ஜின் என்ற இன்சுலின் புற்றுநோய் தருமோ என்று ஒரு பயம் கிளம்பியது உண்மை. பிறகு 12,500 பேருக்கு மேல் சேர்த்து ஆறு வருடங்களுக்கு மேல் கவனித்த ஆரிஜின் ஆய்வு 2012-இல் வந்தது. அந்த இன்சுலின் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் புற்றுநோயில் வித்தியாசம் தெரியவில்லை. நானும் ஊசி போடுகிறேன். எடை இறங்கிய பிறகு அளவு குறைந்தது. குறைத்தது டாக்டர், நானாகக் குறைக்கவில்லை.